கந்தளாய்க்குப் போன பெட்டைக் குதிரை

குதிரையை விற்பது லேசு, விற்ற பிறகு ஆறுதலாக இருப்பதுதான் ஏலாது. விற்ற சாமானுக்கு என்ன கதை வருமோ என்று போனையே பார்த்துக்கொண்டிருக்கும் யாபாரிகளுக்கு என் பாடு விளங்கும். மலைநாட்டில் பந்தயத்துக்கு உதவாது என்று கழிக்கிற குதிரைகளை லொறியில் கொண்டுவந்து திருகோணமலைப் பக்கம் விற்கிறேன்.

நிலாவெளி

பிள்ளைகளை ஏற்றிக் கடற்கரையில் நடத்த, ஹோட்டல் முதலாளி ஒருவர் செம்பட்டைப் பெட்டைக் குதிரை ஒன்றை வாங்கினார். சாதுவானது என்று அடித்துச் சொன்னேன். சாதுதான், ஆனால் அலையைக் கண்டதில்லை. நுரை காலில் பட்டதும், முதுகிலிருந்த பிள்ளையோடு கரை நெடுக ஓடியது. கரைவலை இழுத்தவர்கள் மறித்துப் பிடித்தார்கள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, நான்தான் ஓடிப்போய் இறக்கிவிட்டேன். முதலாளி ஏசாமல் கயிற்றை என்னிடம் நீட்டினார்.

"இதைக் கடல் இல்லாத ஊராப் பாத்து வில்லுங்கோ."

கந்தளாய்

அப்படித்தான் அதைக் கந்தளாய் வயல்காரர் பாறூக் நாநாவிடம் விற்றேன். தீன் என்ன போடுவது என்று கேட்டார். எனக்கோ அடுத்த இடத்துக்கு ஓடுகிற அவசரம். மாட்டுக்குப் போடுவதையே போடுங்கள் என்று சொல்லிவிட்டு லொறியில் ஏறினேன்.

நாலாம் நாள் காலை போன் வந்தது. மாட்டுக்குப் போடும் புது நெல் ஒரு வாளி நிறையத் தின்றுவிட்டு, வயிறு ஊதி, குதிரை நிலத்தில் உருளுகிறதாம். மோட்டார் சைக்கிளில் பறந்தேன். மாட்டு டொக்டர் ஊசி போட்டுவிட்டு, படுக்கவிடாமல் நடத்துங்கள், சாணம் போட்டால் பிழைக்கும் என்று சொல்லிப் போயிருந்தார்.

நாநாவுக்கு முழங்கால் வருத்தம், நடக்க ஏலாது. அவருடைய மனைவியும் நானும் மாறி மாறிக் குதிரையை வீட்டு வளவைச் சுற்றி நடத்தினோம். நாநா கதிரையில் உட்கார்ந்து, வாயில்லாச் சீவனைத் தானே கொன்றுவிட்டதாக அழுதுகொண்டிருந்தார். அதைக் கேட்டுக்கொண்டே நான் கயிற்றைப் பிடித்து நடந்தேன். பின்னேரம் அஸர் தொழுகை நேரத்துக்குத்தான் குதிரை சாணம் போட்டது. அதற்குப் பிறகே, பிழையான தீன் சொன்னது நான்தான் என்று நாநாவின் மனைவி ராத்தாவிடம் மெல்லச் சொன்னேன். அவர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"எனக்கிட்டச் சொல்லி என்ன தம்பி? அவருக்கிட்டப் போய்ச் சொல்லுங்க. விடிஞ்சதில இருந்து மனிசன் தண்ணியும் குடிக்கல்ல."

போய்ச் சொன்னேன். குதிரையைத் திருப்பி எடுக்கிறேன் என்றும் சொன்னேன். நாநா தரமாட்டேன் என்றுவிட்டார்.

இறக்கக்கண்டி

போன கிழமை இறக்கக்கண்டியில் படகுக்காரர் ஒருவர் குதிரை கேட்டார். தீன், தண்ணீர், வயிறு ஊதினால் செய்ய வேண்டியது என்று எல்லாவற்றையும் இரண்டு தரம் சொன்னேன். மூன்றாம் தரம் தொடங்க, அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இவ்வளவு பயமெண்டால் நீங்கள் ஏன் விக்கிறியள்?"

நியாயமான கேள்விதான், ஆனால் லொறியில் இரண்டு குதிரைகள் வெயிலில் நின்றதால் யோசிக்க நேரம் கிடைக்கவில்லை.