கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருந்த டிவி அக்கா

கேபிள் டிவி வேலையில், படம் ஒழுங்காகத் தெரிகிற வரைக்கும் நம்மை யாருக்கும் தெரியாது. கம்பம் ஏறிப் பிழைத்தவங்களுக்கு இதை விளக்க வேண்டாம். இரண்டாயிரத்து மூணு, நாலு வாக்கில் புதுச்சேரியில் எனக்கு நேர்ந்த வேடிக்கையெல்லாம், சாயங்காலம் அஞ்சு மணிக்குக் குழந்தைகள் நிகழ்ச்சி நடத்தின ஒரு அக்காவால் வந்தது.

சத்தம் போச்சு

முத்தியால்பேட்டையில் ஒரு மில் தொழிலாளி வீடு. சத்தம் விட்டுவிட்டு வருது என்று ஆள்மேல் ஆள் அனுப்பினார். கம்பத்தில் ஒருதரம், மாடியில் ஒருதரம் ஏறிக் கனெக்டரை மாற்றினேன். அப்பவும் அப்படித்தான். கடைசியில் அவர் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அந்த அக்கா வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கிக் காட்டி, இதில் எத்தனை ஓட்டை என்று கேட்டது. கேட்டுவிட்டு நம்மையே பார்த்தபடி பேசாமல் இருந்தது. குழந்தை எண்ணி அஞ்சு என்ற பிறகுதான் திரும்பச் சத்தம் வந்தது. கோளாறு இல்லை, பதிலுக்குக் காத்திருக்குது என்றேன். அவர் நம்பவில்லை.

"அதுக்கே பதில் தெரியல போல. யோசிக்குது."

சொல்தாவின் சட்டை

பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரரை நாங்கள் சொல்தா என்போம். அப்படி ஒருத்தர், எண்பது வயசு, வீட்டில் குழந்தையே கிடையாது. லைன் பார்க்கப் போயிருந்தேன். அஞ்சு அடித்ததும் எழுந்து போய், இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வந்து டிவி முன்னால் உட்கார்ந்தார். வெளியே கிளம்புறீங்களா என்று கேட்டேன்.

"அந்தப் பொண்ணு நேரா என்னப் பாத்துப் பேசுது. வெறும் உடம்போட எப்படிப்பா உக்கார்றது?"

நூருவுக்கு இன்டர்வியூ

தையல்கடை பாய் வீட்டு நூருவுக்கு நாலு வயசு. வெளி ஆள் முன்னால் வாயே திறக்காது. அதனாலேயே ரெண்டு பள்ளிக்கூடத்தில் இடம் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் டிவி அக்கா கேட்டுவிட்டுக் காத்திருந்தால், மெதுவாகப் பதில் வரும். மூணாவது பள்ளிக்கூடம் பாக்கி இருக்கும்போது மழையில் அந்தத் தெரு லைன் அறுந்தது. இன்டர்வியூ வரைக்கும் ஒரு நாள்கூட விடக்கூடாது என்று நூருவின் அம்மா கண்கலங்கினதில், நனைந்துகொண்டே ஒயர் இழுத்துக் கொடுத்தேன்.

இன்டர்வியூவில் அந்தப் பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரி சிஸ்டர் ஒரு பூப்படத்தைக் காட்டி என்ன நிறம் என்று கேட்டாராம். பதில் வருவதற்குள் அடுத்த படம். அதுக்கும் பதில் வருவதற்குள் அதுக்கடுத்த படம். நூருவின் அம்மா யாரிடமும் குரலை உசத்தாத பொம்பளை. அன்றைக்கு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாங்க.

"'கேட்டுட்டுக் கொஞ்சம் சும்மா இருங்க சிஸ்டர்'னு சொல்லிட்டேன் அண்ணே. இருந்தாங்க. மஞ்சள்னு சொல்லிச்சு. சேத்துக்கிட்டாங்க."

இத்தனை வருஷம் ஒயர் இழுத்து ஊருக்கு நான் கொண்டுபோய்ச் சேர்த்த பேச்சு, பாட்டு, சண்டை எல்லாவற்றிலும் உருப்படியானது, அந்த டிவி அக்கா கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்த கொஞ்ச நேரம்தான்.