ஓர் இழுப்புக்கு ஒரு வேலை

என் கடையில் ஜெராக்ஸ் மெஷினுக்கு அடுத்த மேசையின் ஓரத்தில், போல்ட்டுப் போட்டு முடுக்கிய ஓர் இரும்புப் பிரஸ் நிற்கிறது. முழங்கை நீளத்தில் ஒரு கைப்பிடி, அதன் நுனியில் மரத்தில் கடைந்த உருண்டை. சீசனுக்குக் குற்றாலம் வருகிறவர்கள் லாட்ஜில் கொடுப்பதற்கு ஆதார் நகல் எடுக்க மேலகரத்தில் இறங்கினால் என் கடைக்குத்தான் வருவார்கள். காத்து நிற்கிற நேரத்தில் யாராவது ஒருவர் அந்தக் கைப்பிடியை இழுத்துப் பார்ப்பார். கரும்பு ஜூஸ் பிழிவதா என்று கேட்டவர் உண்டு. எலுமிச்சம்பழத்துக்கா என்று கேட்டவர் உண்டு. பத்திரத்தில் முத்திரை குத்துவதா என்று கேட்ட ஒரு வக்கீல் குமாஸ்தா மட்டும் கொஞ்சம் யோசித்துக் கேட்டார். எல்லோருக்கும் ஆமாம் என்று தலையாட்டிவிடுவேன். துப்பாக்கித் தோட்டாவை வீட்டிலேயே அடைக்கிற பிரஸ் என்று உள்ளதைச் சொன்னால் அன்றைக்கு வியாபாரம் நடந்த மாதிரிதான்.

இதைத் தேர்ந்தெடுத்தவர் என் அத்தான், அக்காவின் வீட்டுக்காரர். பட்டாளத்தில் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இலஞ்சியில் குடும்பத்துத் தென்னந்தோப்பை ஒட்டிய வீட்டுக்கு வந்து சேர்ந்தார். லைசென்ஸோடு ஒரு ரைபிள் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமையானால் கிளப்புக்குப் போய்க் குறி பார்த்துச் சுட்டுவிட்டு வருவார். கடையில் வாங்கும் தோட்டா பெட்டிக்குப் பெட்டி ஒரு மாதிரி இருக்கிறது, குறி தப்பினால் தப்பு தன் மேலா தோட்டா மேலா என்று தெரியவில்லை என்பது அவருடைய தீராத குறை. சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூடு வீண் இல்லையாம். அதைச் சரிசெய்து, அடியில் தீப்பொறி தட்டுகிற புது கேப் வைத்து, வெடிமருந்து போட்டு, மேலே குண்டை அழுத்தி உட்கார வைத்தால் மறுபடியும் தோட்டா. அதற்கு ஒரு பிரஸ் வேண்டும், அரசாங்கத்தின் தனி அனுமதியும் வேண்டும். அனுமதிக்கு மனுப் போட்டுவிட்டு, அது வருகிறபோது வரட்டும், பிரஸ்ஸை இப்போதே பார்த்து வைப்போம் என்று என் கடையில் வந்து உட்கார்ந்தார். எனக்குத் துப்பாக்கி மேல் ஆசையும் இல்லை, பயமும் இல்லை. கடையில் இண்டர்நெட் இருந்தது, அவ்வளவுதான் சங்கதி.

காலையில் பள்ளிக்கூடக் கூட்டம் ஓய்ந்ததும் சைக்கிளை ஓரமாகச் சாத்திவிட்டு வருவார். "ஏ பிள்ளே, நேத்துப் பாத்தத இன்னொருக்கப் போடு" என்பார். வீடியோவில் யாரோ ஒரு வெள்ளைக்காரன் தன் வீட்டு ஷெட்டில் நின்றுகொண்டு கைப்பிடியை இழுப்பான். அதை அத்தான் கண் கொட்டாமல் பார்ப்பார், நடுவில் நிறுத்தச் சொல்லி, பின்னால் போகச் சொல்லி, மறுபடி பார்ப்பார். பிரஸ்ஸில் மூன்று வகை என்று எனக்குத் தெரிய வந்தது இப்படித்தான். ஒன்று, ஓர் இழுப்புக்கு ஒரே ஒரு வேலை செய்வது. எல்லாக் கூட்டுக்கும் முதல் வேலையை முடித்துத் துளைபோட்ட பலகையில் வரிசையாக நிறுத்தி வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. இரண்டாவது, தலைப்பாகத்தைக் கையால் திருப்பித் திருப்பி வேலையை மாற்றிக்கொள்வது. மூன்றாவது, இழுக்க இழுக்கத் தட்டு சுற்றி, ஓர் இழுப்புக்கு ஒரு முழுத் தோட்டாவை வெளியே தள்ளிவிடும். அதைப் பார்த்தபோது எனக்கே ஆசையாக இருந்தது. "இத வாங்குங்க அத்தான், பொழுது அடையதுக்குள்ள ஒரு சாக்கு அடைச்சிரலாம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அதுல மருந்து விழுதத நம்ம கண்ணு பாக்காது பிள்ளே. மெஷினு பாத்துக்கிடும்னு விட்டுருவோம். விடப்பிடாது" என்றார்.

அப்படி விட்டவர் ஒருவரை அவருக்குத் தெரியும். ஆரியங்காவுப் பக்கம் சின்ன எஸ்டேட் வைத்திருந்த நண்பர் அவர். முறையாக அனுமதி வாங்கி, வேகமாக அடைக்கிற வகை பிரஸ் வைத்திருந்தார். ஒரு நாள் பாதி வேலையில் போன் வந்திருக்கிறது. பேசிவிட்டு வந்து, விட்ட இடம் எது என்று தெரியாமல், மருந்து விழுந்த கூட்டிலேயே மறுபடியும் மருந்து விழச் செய்துவிட்டார். அடுத்த தடவை சுடும்போது துப்பாக்கி அவர் முகத்துக்கு நேரே வெடித்தது. ஒரு கண் போயிற்று, வலது கையில் விரல்களும் போயின. பக்கத்தில் நின்ற அத்தான்தான் தன் சட்டையைக் கழற்றி அந்தக் கையைச் சுற்றிக் கட்டி, ஜீப்பில் மடியில் போட்டுக் கொண்டுபோனார். அதைப் பற்றி ரொம்பப் பேச மாட்டார். "ஒரு போனு வந்திருக்கு. அவ்வளவுதான்" என்று மட்டும் சொல்வார்.

ஆகவே ஓர் இழுப்புக்கு ஒரு வேலை செய்கிற வகைதான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஆனாலும் அந்த ஒரு வகைக்குள்ளேயே மாதக்கணக்கில் பார்த்தார். வார்ப்பிரும்பா அலுமினியமா, முன்பக்கம் திறந்ததா நான்கு பக்கமும் மூடியதா, இழுத்து முடிக்கும்போது கைப்பிடி எங்கே வந்து நிற்கும், உட்கார்ந்து இழுப்பவனுக்குத் தோள் வலிக்குமா என்று கேள்விக்கு மேல் கேள்வி. "அக்காவப் பொண்ணு பாக்க வந்தப்பகூட இவ்வளவு பாத்திருக்க மாட்டியளே" என்று கேலி செய்தேன். "அது எங்க அம்ம பாத்தது. இது நானே பாக்குதது" என்றார்.

அக்காவோ வேறு கட்சி. "அடுப்பு எரியுத வீட்டுல வெடிமருந்தா? என்னைய எங்க அப்பா வீட்டுல கொண்டு விட்டுட்டு அப்புறம் கொண்டாங்க" என்று ஒற்றைக் காலில் நின்றாள். தோப்பில் மோட்டார் ரூம் இருக்கிறதே என்றாள். சாரல் அடிக்கிற மாதங்களில் அங்கே சுவரே வேர்க்கும், போதாக்குறைக்கு ஸ்விட்சைப் போட்டால் பொறி பறக்கும், ஆகாது என்றார் அத்தான். இழுபறிக்குப் பிறகு மாடி அறை என்று முடிவானது. கதவைச் சாத்திக்கொள்வது, போனை அணைத்து வைப்பது, அந்த நேரத்தில் யார் செத்தாலும் அவரைக் கூப்பிடாமல் இருப்பது என்று இருவரும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். பட்டாளத்து நண்பரின் மகன் ஒருவன் வெளிநாட்டிலிருந்து வரும்போது பிரஸ்ஸைக் கொண்டுவந்து கொடுத்தான். அனுமதி வரும்வரை மருந்தைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, கை பழகுவதற்காக மருந்துக்குப் பதில் கேப்பையைப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தார். கிளப்பிலிருந்து கொண்டுவந்த காலிக் கூடுகள் பலகையில் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் சின்னக் கரண்டியால் கேப்பையைப் போட்டு, டார்ச் அடித்து உள்ளே பார்ப்பார். "களி கிண்டத்தான் கேப்பை வாங்குவாவ. எங்க வீட்டுல அதச் சுட்டுத் தள்ள வாங்குதோம்" என்று அக்கா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள். எல்லோருமே சந்தோஷமாக இருந்த காலம்தான் அது.

அந்த வருஷம் தேர்தல் வந்தது. தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைக் கொண்டுபோய்ப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். முடிவெல்லாம் வந்த பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளலாம். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒரு பட்டாளத்துக்காரர், தெருவுக்கு ஒரு போலீஸ்காரர் என்பதால், ஒப்படைக்கிற அன்று ஸ்டேஷன் வாசலில் கல்யாண வீடு மாதிரி விசாரிப்பு நடக்கும். துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டு, உறையில் வைத்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு அத்தான் எப்போதும் முதல் ஆளாகப் போவார். அந்தத் தடவையும் போனார். போகிற வழியில் என் கடையில் நின்று டீ குடித்துவிட்டுத்தான் போனார்.

பிறகு ஒரு நாள் முற்பகலில் அக்கா போன் செய்தாள். "ஏட்டி, கடையப் பூட்டிட்டு ஓடி வா. உங்க அத்தான் ஒரு நெலையில இல்ல" என்றாள். நான் போனபோது வீட்டிலிருந்த அத்தனை சாமானும் வெளி முற்றத்தில் கிடந்தது. பீரோவின் துணிமணி, மெத்தை, அரிசிப் பானைகூட. தேங்காய் வெட்ட வந்த அண்ணாச்சியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அத்தான் நின்றார். "உள்ள வந்தது நீ ஒருத்தன்தான்லே. துப்பாக்கிய எங்க வச்ச, சொல்லு" என்று கத்தினார். பட்டாளத்துக் குரல், தெருவே கூடிவிட்டது. "அதான் ஸ்டேஷன்ல குடுத்தாச்சேங்க" என்று அக்கா சொல்லச் சொல்ல, "நீயும் இவனுக்குச் சேந்து பேசுத" என்று அவள் பக்கம் திரும்பினார். துப்பாக்கி திருட்டுப் போய்விட்டது என்று ஸ்டேஷனுக்கு அவரே போனும் செய்திருந்தார். அவரைத் தெரிந்த ஏட்டையா ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். சிரித்துக்கொண்டே அத்தானிடம் வந்தார், பாவம். "அண்ணாச்சி, என்ன வெளாடுதியளா? உங்க துப்பாக்கி எங்ககிட்டல்லா இருக்கு. நீங்கதான மொத ஆளாக் கொண்டாந்து வச்சிய!"

அத்தானின் கை சட்டையிலிருந்து தானாக இறங்கியது. யாரும் சிரிக்கவில்லை என்று கண்டு ஏட்டையாவும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அத்தான் அந்தத் தேங்காய் வெட்டுகிற அண்ணாச்சியைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். அவருடைய கசங்கிய சட்டைக் காலரைத் தன் கையாலேயே நீவிவிட்டார். பிறகு கீழே கிடந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடிக்க ஆரம்பித்தார். பட்டாளத்து மடிப்பு, ஓரம் ஓரத்தோடு சேரும்.

மறுநாள் நான் கடை திறக்கும்போதே ஓர் ஆட்டோ வந்து நின்றது. பிரஸ்ஸை மடியில் வைத்துக்கொண்டு அத்தான் உள்ளே இருந்தார். கையில் ஸ்பேனரும் இருந்தது. "இது இங்கன இருக்கட்டும் பிள்ளே" என்று மேசை ஓரத்தைத் தடவிப் பார்த்தார். என்ன அத்தான் என்றேன். "காலையில எந்திரிச்சதும் மாடிக்குப் போனேன். கதவச் சாத்திட்டுத்தான் ஒக்காந்தேன். போனையும் அணைச்சுட்டேன். கடைசியில டார்ச் அடிச்சுப் பாக்கேன், ஒரு கூட்டுல கேப்பை வாய் வரைக்கும் நிக்கி. ரெண்டு தடவ போட்டிருக்கேன். போட்டது எனக்குத் தெரியல. அவனுக்காவது போன் வந்துச்சு. எனக்கு ஒண்ணும் வரல."

"கேப்பைதான அத்தான்" என்றேன். சொன்ன பிறகு எனக்கே அது கேட்கச் சகிக்கவில்லை.

"இன்னைக்குக் கேப்பை" என்றார்.

விற்றுவிடலாமே என்றேன். வேண்டாம் என்றார். விற்றால் விற்றதை மறந்து இன்னொன்று வாங்குவாராம். "வீட்டுல இருந்தா, வேண்டாம்னு முடிவு பண்ணதயே மறந்துட்டு ஒரு நா மருந்த வாங்கி வச்சு ஆரம்பிச்சிருவேன். கீழ உங்கக்கா அடுப்படியில நிப்பா" என்றார். மேசையில் துளை போட்டு, வாஷர் வைத்து, அவரே முடுக்கினார். முடுக்கி முடித்துக் கைப்பிடியை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. இத்தனை மாதம் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த மனுஷனுக்கா இது என்று யாரிடமாவது சண்டை போட வேண்டும் போல இருந்தது. ஆதார் நகல் கேட்டு ஒருவர் வந்து நின்றதால் அதை எடுக்கப் போய்விட்டேன்.

தேர்தல் முடிந்து எல்லோரும் துப்பாக்கியைத் திரும்ப வாங்கப் போனபோது, தனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க அத்தான் போனார். நானும் அக்காவும் கூடவே போனோம். அனுமதி மனு என்ன ஆயிற்று என்று அதன் பிறகு யாரும் கேட்கவில்லை.

இப்போதும் அவர் என் கடைக்கு வருகிறார். அக்கா ஆட்டோவில் கூட்டிவந்து விட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போய் வருவாள். சில நாள் நான் பிள்ளே, சில நாள் மேடம். ஒரு தொந்தரவும் கிடையாது, டீ கொடுத்தால் குடிப்பார், வெளியே சாரல் விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். போன வாரம் கூட்டம் இல்லாத நேரத்தில் எழுந்து மேசைப் பக்கம் போனார். கைப்பிடியைப் பிடித்து நிதானமாகக் கீழே இழுத்தார், நிதானமாக மேலே விட்டார்.

"அருமையான பிரஸ்ஸு. ஓர் இழுப்புக்கு ஒரு வேலைதான். ஒவ்வொண்ணையும் கண்ணால பாத்துக்கிடலாம்" என்றார். "யாரு மேடம் பாத்து வாங்குனது?"

"எங்க அத்தான்" என்றேன்.

"வெவரமான ஆளு" என்றார். "அவரு ஏன் இத வீட்டுல வைக்காம இங்கன வச்சிருக்காரு?"

"அவருக்குக் கொஞ்சம் மறதி வந்துட்டு. வீட்டுல அக்கா இருக்கா, அதான்" என்றேன்.

அத்தான் குனிந்து மேசைக்கு அடியில் கையை விட்டு, போல்ட்டை விரலால் திருகிப் பார்த்தார். அது அசையவில்லை.

"நல்லா முடுக்கியிருக்காரு" என்றார்.