எண்பத்தொன்றும் பதினாறும்

மதுரையில் ஒரு தனியார் லேபில் இருபத்தாறு வருஷம் டெக்னீஷியனாக இருந்தேன். கடைசிச் சில வருஷங்கள் பிசிஆர் அறையில் ஹெச்பிவி டைப்பிங்தான் வேலை. கர்ப்பப்பை வாயில் எடுத்த சாம்பிளில் அந்த வைரஸ் இருக்கிறதா, இருந்தால் எந்த நம்பர் டைப் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நம்பரைச் சொன்னால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், இந்திராணி அழுதுகொண்டே வந்து நிற்கும் வரை.

திருமங்கலத்தில் நடந்த கேம்ப்பில் சாம்பிள் கொடுத்தவர். வயது நாற்பது இருக்கும். கையில் எங்கள் ரிப்போர்ட்.

"மேடம், எனக்கு எம்பத்தொண்ணுன்னு போட்டிருக்கு. நான் இன்னும் எம்புட்டு நாள் இருப்பேன்?"

"யாருங்க அப்படிச் சொன்னது?"

"சொல்லணுமா? நம்பர் கூடுனா நோயும் கூடத்தானே? எங்க அண்ணிக்குப் பதினாறுதான். பாஸாயிட்டேன்னு நேத்து கேசரி கிண்டி வீதிக்கே குடுத்தாங்க. எனக்கும் ஒரு கிண்ணம் வந்துச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே அது நின்றுவிட்டது. 81 பெரும்பாலும் தொல்லை தராத டைப். 16 தான் புற்றுநோய் பக்கம் இழுத்துக்கொண்டு போகிற வில்லன்.

உட்கார வைத்துச் சொன்னேன். "இது மார்க் இல்லம்மா, பஸ் நம்பர் மாதிரி. கண்டுபிடிச்ச வரிசைக்கு நம்பர் குடுத்துட்டாங்க. எல்-ஒன்னுங்கிற ஜீன்ல, தெரிஞ்ச டைப்புகளோட ஒப்பிட்டா பத்து சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா புது நம்பர். மனுஷங்க கூடவே ரொம்பக் காலமா மெல்ல மெல்ல மாறி, கிளை கிளையாப் பிரிஞ்ச கூட்டம் இது. பதினாறுக்கு முப்பத்தொண்ணு நெருங்கின பங்காளி. உங்க எம்பத்தொண்ணு வேற வகையறா."

இந்திராணி கண்ணைத் துடைத்தார். "அப்ப அண்ணிக்கு வந்த வகையறா?"

"அவங்களைத்தான் உடனே டாக்டர் பாக்கணும்."

அண்ணி செல்விக்கு ஃபோன் போட்டோம். அவர் திருமங்கலத்தில் மாவு மில் வைத்திருந்தார். "மெஷின் ஓடுது, அப்புறம் வாரேன்" என்று வைத்துவிட்டார். ஒரு வாரம் ஆகியும் வரவில்லை.

விஷயத்தை எங்கள் டாக்டரிடம் சொன்னேன். அவர் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 16 என்பது கொட்டை எழுத்தில். "ஹை ரிஸ்க், கன்சல்ட் கைனகாலஜிஸ்ட்" என்பது ஆங்கிலத்தில், எறும்பு சைஸில், அடியில்.

"இந்த ஃபார்மேட் யாரும்மா போட்டது?"

"நான்தான் டாக்டர்."

"அப்ப நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க."

இந்திராணியோடு பஸ் ஏறினேன். செல்வி மாவுக் கையோடு வெளியே வந்தார். "பதினாறுக்கா இம்புட்டு தூரம் வந்தீங்க?"

நான் வாய் திறப்பதற்குள் இந்திராணி முந்திக்கொண்டார். "அண்ணி, நம்பர் சின்னது, ஆளு மோசமானவன். மெஷினை நிறுத்துங்க."

மெஷின் நின்றது. செல்வி பக்கத்திலிருந்த மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "சேலை மாத்திட்டு வாரேன்" என்றார்.

கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோபியில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் தெரிந்தது. சின்ன சிகிச்சையில் அந்த இடத்தை எடுத்துவிட்டார்கள். அடுத்த வருஷப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. இந்திராணிக்கு அந்த 81 தானாகவே போய்விட்டிருந்தது.

அதன்பிறகு ரிப்போர்ட்டைத் தமிழில் மாற்றி எழுதினேன். முதலில் செய்ய வேண்டியது, கடைசியில் நம்பர். அச்சுக்குக் கொடுக்கும் முன் செல்வியிடம் காட்டினேன். கண்ணாடி போட்டு மெதுவாகப் படித்தார்.

"'மருத்துவரைப் பார்க்கவும்'னு இருக்கு. எப்பன்னு இல்லையே? நாங்க பொங்கல் முடியட்டும்னு இருந்துருவோம்."

'இரண்டு வாரத்துக்குள்' என்று சேர்த்தேன். இத்தனை வருஷத்தில் என் ரிப்போர்ட்டை யாராவது திருத்தினால் எனக்குப் பிடித்ததில்லை. அன்றைக்குப் பிடித்தது. புதிதாக லேபில் சேர்ந்தவர்களுக்கு நான் சொல்லிவந்தது இதுதான்: ரிசல்ட் மெஷினிலிருந்து வந்தவுடன் வேலை முடிவதில்லை, அதை வாங்கிப் படிப்பவருக்கு விளங்கும்போதுதான் முடிகிறது.