மூக்கு மாஸ்டர் சென்ட் அடித்த கதை

பாடாலூர்ப் பக்கம் அழகேசனுக்கு மூக்கு மாஸ்டர் என்று பேர். மூக்கு பெரிசு என்று நினைத்துவிடாதீர்கள், ஆளுக்கேற்ற மூக்குதான். கெடா வெட்டு, காதுகுத்து, கல்யாணம் என்று முந்நூறு இலை, ஐந்நூறு இலைக்கு ஆக்கிப் போடுகிறவர். ஆனால் எதையும் நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டார். அண்டாவுக்கு மேலே குனிந்து, கண்ணை மூடி, ஒரே ஒரு இழுப்பு. "உப்பு ஒரு கை பத்தல" என்பார். ஒரு கை போட்டால் கச்சிதமாக இருக்கும். உப்புக்கு ஏதய்யா வாசனை என்று அவரிடமே கேட்ட ஆட்கள் உண்டு. நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போனார்கள்.

இந்த வித்தை ஆசைப்பட்டு வந்ததில்லை. குலசாமிக்குக் கெடா வெட்டினால் படையல் போடுகிறவரைக்கும் ஒரு சொட்டு யார் வாயிலும் படக் கூடாது. சாமி சாப்பிட்ட பிறகுதான் மனுசன். அப்புறம் சமையல்காரன் எதை வைத்துப் பதம் பார்ப்பான்? மூக்குதான். அப்பாவும் அம்மாவும் அடுத்தவன் வயலில் கருது அறுக்கப் போக, பதினாலு வயசில் அண்டா கழுவ வந்தவர் அழகேசன். இன்றைக்குச் சொந்தப் பாத்திரம், எட்டு ஆள், ஒரு குட்டி யானை வண்டி. எல்லாம் அந்த மூக்கு சம்பாதித்தது.

குறை என்றால் ஒன்றே ஒன்று. வெங்காய வாடை. முப்பது வருசமாகச் சின்ன வெங்காயத்தோடு கிடக்கிற உடம்பு. எந்தச் சோப்புக்கும் அடங்கவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்துபோய்ப் படிக்கட்டில் நின்று வருவார். ஒரு தடவை அரியலூரில் கல்யாணம் முடிந்து போட்டோ எடுக்கும்போது, "மாஸ்டர், நீங்க அந்த ஓரமா நில்லுங்க" என்று பெண் வீட்டுக்காரர் மூக்கைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். அழகேசன் சிரித்தபடி நகர்ந்து நின்றார். வீட்டுக்கு வந்து இரண்டு நாளில் ஒரு முழுச் சோப்பைத் தேய்த்தே தீர்த்தார். அவ்வளவு வலித்தது மனுசனுக்கு.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் துபாயிலிருந்து ஒரு கறுப்பு சென்ட் பாட்டில் வந்தது. கொண்டுவந்தவன் அவர் மனைவி ஜோதியின் தம்பி மணிவேல். "ரெண்டு பேருக்கும்தான்" என்று கொடுத்தான். அழகேசன் மணிக்கட்டில் ஒரு பீச்சு பீச்சி மோந்தார். முகமே மாறிவிட்டது.

"யப்பா! மிளகுய்யா! பச்சை மிளகு! பின்னாலயே ஏலக்காய் வருது. இது ஆம்பள சென்ட்டு."

ஜோதி அந்த மணிக்கட்டை இழுத்து மோந்தாள். "உள்ளாற ரோசாப்பூ இருக்கே, அது எந்த ஆம்பளைக்கு? இது என்னுது."

"மாமா, இது ரெண்டு பேரும் போடுற மாதிரியே செஞ்சதுதான்" என்றான் மணிவேல்.

"அதெப்படி மாப்ள, ஒரே சென்ட்டு ரெண்டு பேருக்கும்? என் சட்டையை உங்கக்கா போட்டுக்குமா?"

அன்றைக்கெல்லாம் வேலைவெட்டி இல்லாமல் மணிக்கட்டை மூக்கில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். மிளகின் காரம் கால் மணி நேரத்தில் அடங்கியது. கிராம்பும் பட்டையும் தலையெடுத்தன, கூடவே ஒரு சிட்டிகை ஜாதிக்காய். பதமாக வறுத்து இடித்த மசாலா மாதிரி, ஒன்றையொன்று அமுக்காமல் நின்றன. மத்தியானத்துக்கு மேல் ரோஜா எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. சாயங்காலம் சாம்பிராணியும் தேக்கு மரப்பொடியும். மறுநாள், அந்தக் கை உரசின பனியனைத் துவைத்துக் காயப்போட்ட பிறகும் கொடியில் சந்தனம் அடித்தது. "இதைச் செஞ்சவன் என்னைவிடப் பெரிய மாஸ்டர்டா" என்றார். அவர் வாயிலிருந்து அப்படியொரு வார்த்தையை ஜோதி அதுவரை கேட்டதில்லை.

கேட்டு என்ன பிரயோசனம்? பாட்டிலை பீரோ மேலே ஏற்றிவிட்டார். சென்ட் அடித்துக்கொண்டு யாரும் அடுப்புப் பக்கம் வரக் கூடாது, மல்லிப்பூகூடக் கூடாது என்பது அவருடைய ஆட்களுக்கு அவரே போட்ட சட்டம். "மூக்கு ஏமாந்துரும். வேலை நாள்ல இதைத் தொட்டே, கெட்ட கோவம் வரும்" என்று பெண்டாட்டிக்கும் சேர்த்துச் சொன்னார். எட்டு ஆட்களுக்கு எதிரில் சொன்னார். ஜோதி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவள்தான், நாலு நாளாகியும் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அஞ்சாவது நாள் கீழப்பழுவூர்ப் பக்கம் ராசாங்கம் வீட்டுக் கெடா வெட்டு. அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற லாரிகளுக்குச் சொந்தக்காரர், கையில் காசு புழங்குகிற ஆள். பேரனுக்குக் காதுகுத்து. ஆவணியில் சின்ன மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். "சம்பந்தி வீட்டுக்காரங்களும் வர்றாங்க மாஸ்டர். இந்தக் கொழம்பு அவங்களுக்குப் பிடிச்சுதுன்னா கல்யாணமும் உங்களுக்குத்தான். இல்லேன்னா அவங்க சொல்ற ஆளு" என்று முன்னாடியே சொல்லிவிட்டார். ரெண்டாயிரம் இலைக் கல்யாணம். அழகேசன் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய வேலையைப் பார்த்ததில்லை.

காலையில் கிளம்பும்போது அவருக்கு அந்தப் பழைய போட்டோ ஞாபகம் வந்து தொலைத்தது. இவ்வளவு பெரிய மனுசர்கள் வருகிற இடத்தில் மறுபடியும் ஓரமா நில்லுங்க என்று ஒருத்தன் சொல்லிவிட்டால்? ஜோதி வாசலுக்குப் போன நேரம் பீரோமேல் கைவிட்டு, சட்டையிலும் பனியனிலுமாக ஆறு பீச்சு. அவர் வண்டியில் பாத்திரம் ஏற்றிய நேரம் ஜோதியும் ஸ்டூல் போட்டு ஏறி, முந்தானையில் ஏழு பீச்சு. சட்டம் போட்டவர்மேல் உள்ள கோபம்தான், வேறென்ன? வண்டியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போனார்கள். இரண்டு பேருக்கும் வாசனை வந்தது. நம் மேல்தான் அடிக்கிறது, அந்த ஆளுக்கு (அந்தப் பொம்பளைக்குத்) தெரிந்துவிடக் கூடாதே என்று இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அழகேசன் கைப்பக்குவத்தில் பட்டை, கிராம்பு, ஏலக்காய் எதுவும் தாளிப்பில் விழாது. வீட்டிலேயே வறுத்து இடித்துக் கொண்டுவருவார். கறி வெந்து எண்ணெய் பிரிகிறபோது கடைசியில்தான் அந்தப் பொடி. அதுதான் அவர் குழம்புக்கே உயிர். யார் கை அந்நேரம் சும்மா இருக்கிறதோ, அவரோ ஜோதியோ, அதைப் போடுவார்கள். "மசாலா விழுந்துச்சா?" என்று மற்ற நாளில் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்வார்கள். அன்றைக்குத்தான் பேச்சுவார்த்தை கிடையாதே.

எண்ணெய் பிரிந்தது. அழகேசன் அண்டாவுக்கு மேலே குனிந்தார். அடுப்புச் சூட்டில் சட்டை காய்ந்து, அதிலிருந்து கிராம்பும் பட்டையும் ஏலக்காயும் குப்பென்று எழுந்தன. 'போட்டுட்டா போலிருக்கு. பேசலேன்னாலும் வேலையில சுத்தம்' என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டு நகர்ந்தார். பின்னாலேயே ஜோதி வந்து குனிந்தாள். முந்தானை சூட்டில் வாடி, அதே மணம் எழுந்தது. 'போட்டுட்டாரு' என்று அவளும் போய்விட்டாள்.

படையல் முடிந்தது. சாமி ஒன்றும் சொல்லவில்லை. முதல் பந்தியில் சம்பந்திமார், அவர்களுக்குத் துணையாக ராசாங்கம். அழகேசனே வாளியைத் தூக்கிக்கொண்டு குனிந்து ஊற்றினார். ராசாங்கம் ஒரு வாய் வைத்து, "அடேயப்பா, என்ன மணம்!" என்றார். சம்பந்தி தலையாட்டினார். அழகேசனுக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்குள் பந்தியின் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது. "என்னய்யா இது, வெறும் மொளகாத்தூளைக் கரைச்சு ஊத்தினாப்புல இருக்கு?"

அழகேசன் ஓடினார். பக்கத்தில் போய்க் குனிந்து, "என்னங்க ஆச்சு?" என்றார். அந்த ஆள் இன்னொரு வாய் வைத்து, "அட, இப்ப வருதே மணம்!" என்றார். அழகேசன் நாலு தப்படி நகர்ந்ததும், "போயிருச்சே!" என்றார் அந்த ஆள்.

அழகேசன் முகத்தில் ஈயாடவில்லை. சாமான் கூடையைப் போய்க் கிளறினார். மசாலாப் பொட்டலம் கட்டின நூல் கட்டினபடி கிடந்தது. பின்னால் ஜோதி வந்து நின்றாள்.

"நீ போடலையா?"

"நீங்க போடலையா? மணம் வந்துச்சே!"

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் மோந்து பார்த்தார்கள். அதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது?

"முப்பது வருசத்துப் பேரு ஜோதி, போச்சுடி" என்றவர் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"அழுவாதீங்க. ரெண்டாம் பந்திக் கொழம்புல நம்ம ஆளுங்க பொடியைப் போடட்டும். இந்தப் பந்தியில நீங்க அந்த வரிசை, நான் இந்த வரிசை. எந்த எலைக்காரரையும் விட்டு நவுராதீங்க."

அப்படித்தான் நடந்தது. புருசன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம், இலைக்கு இலை குனிந்து, "போதுமா? இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா? வெக்கப்படாம சாப்பிடுங்க" என்று ஒவ்வொருத்தர் மூஞ்சிக்கு நேராகச் சட்டையையும் முந்தானையையும் ஆட்டிக்கொண்டு நடந்தார்கள். இடுப்பு ஒடிந்துபோனது. போன இடமெல்லாம் குழம்பு மணத்தது. இவ்வளவு அன்பாகப் பரிமாறுகிற சமையல்காரரைக் கண்டதில்லை என்று சம்பந்தியம்மா கண் கலங்கியது தனிக்கதை.

இரண்டாம் பந்திக்கு அழகேசன் கையைக் காலைக் கழுவி, சட்டையையும் பனியனையும் கழற்றித் தூரப் போட்டுவிட்டு, உண்மையான குழம்போடு நிமிர்ந்து நின்றார். ராசாங்கம் ஒரு கரண்டி வாங்கி நக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"நல்லாத்தான் இருக்கு மாஸ்டர். ஆனா மொத பந்தி மணம் இதுல இல்லையே."

அழகேசனுக்குப் பொறுக்கவில்லை. கல்யாணம் போனால் போகட்டும், தன் மசாலாவை ஒருத்தர் குறை சொல்லக் கேட்டுக்கொண்டு நிற்பதா? "அண்ணே, நெசத்தைச் சொல்லிப்புடறேன். இதுதான் என் கொழம்பு. மொத பந்திக் கொழம்புல நான் மசாலாவே போடல. நீங்க மோந்தது என் சட்டையில அடிச்ச சென்ட்டு" என்று போட்டு உடைத்தார்.

ராசாங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தொழில் ரகசியத்தைக் கேட்டா இப்படியா மாஸ்டர் கதை விடுவீங்க? சரி, சொல்ல வேணாம். கல்யாணம் உங்களுக்குத்தான், சம்பந்தி சொல்லியாச்சு. அந்தச் சட்டையோடயே வந்துருங்க, போதும்."

அப்போது போட்டோக்காரர் எல்லாரையும் கூப்பிட்டார். அழகேசன் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு பழக்கதோசத்தில் ஓரமாகப் போய் நின்றார். ராசாங்கம் எட்டி அவர் தோளைப் பிடித்து இழுத்தார்.

"அங்க ஏன் போறீங்க? நடுவுல வாங்க மாஸ்டர், எம் பக்கத்துல. இன்னும் கிட்ட வாங்க."

மாஸ்டருக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. பாட்டிலில் இன்னும் எவ்வளவு இருக்கும் என்று ஜோதியைப் பார்த்தார். அவள் அதற்குள் மணிவேலுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள்.