தைக்க முடியாத தோள்

மாவு மேலே போயிற்று. என் வலது கை போகவில்லை. ரொட்டி சானாய்க்கு மாவு வீசுகிறவனுக்கு முதலில் தேய்வது தோள்தான் என்று, ஒரு கையால் தோளைப் பிடித்துக்கொண்டு இதைப் படிக்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

படம்

பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் என்னோடு ரொட்டிக் கல்லில் நின்ற ஜமாலுக்கும் அதே மாதம் தோள் போனது. ஒரே டாக்டர்தான் இரண்டு பேர் ஸ்கேன் படத்தையும் பார்த்தார். அவனுக்குச் சின்னக் கிழிசல், தைத்துவிடலாம் என்றார். என் தசைநார் எலும்பை விட்டுச் சுருங்கி, தசையும் கொழுப்பாகிவிட்டதாம், தைத்தாலும் நிற்காது. வெளியே வந்ததும் ஜமால் ஆறுதல் சொன்னான்: "அண்ணே, ஒங்களதுதான் பெரிசு லா. என்னது ஒண்ணுமே இல்ல."

ஜடை

எனக்கு மூன்று வழி. மிச்சமிருக்கும் தசைகளைப் பயிற்சியால் பழக்குவது. முதுகிலிருந்து ஒரு தசைநாரைக் கொண்டுவந்து தோளில் மாட்டுவது. பந்தும் கிண்ணமும் இடம் மாறிய செயற்கை மூட்டு வைப்பது. மறுபடி நாள் முழுக்க மாவு வீசலாம் என்று எதற்கும் டாக்டர் உறுதி தரவில்லை. பயிற்சி போதும் என்றேன்.

பயிற்சி அறையில், மூட்டு மாற்றிக்கொண்ட கிள்ளானிலிருந்து வரும் ஆன்டி ஒருவர் கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். நான் பார்த்த பார்வை அவருக்குப் புரிந்துவிட்டது. "இப்ப நானே ஜடை போட்டுக்கறேன் தம்பி. நீங்க யாருக்குப் போடணும்?"

இடது கை

தோளைத் தைத்து அரை வருஷத்துக்கு மேல் கழித்து ஜமால் கல்லுக்குத் திரும்பினான். நான் ஆர்டர் எடுத்தேன். அவன் வீசும் மாவைப் பார்க்கக் கூடாது என்று நினைத்து, ஒன்று விடாமல் பார்த்தேன். ஏதாவது கிழிந்தால் வயிறு நிறைந்தது.

அவன் தொழப் போன நேரத்தில் இடது கையால் வீசினேன். மாவு எதிர்ப்பக்கம் சுழன்று, முன் மேசையில் இருந்த லோரிக்காரர் தோளில் விழுந்தது. அவர் அதை எடுக்காமலே சொன்னார்: "பாஸ், ரொட்டிதானே கேட்டேன். பொன்னாடை எதுக்கு?"

பஞ்சு

வெந்த ரொட்டியை இரண்டு கையாலும் பக்கவாட்டில் தட்டினால்தான் அடுக்கு விட்டு மெத்தென்று ஆகும். அதற்குத் தோள் உயர வேண்டாம். ஞாயிறு காலைக் கூட்டத்தில் ஜமால் வீசி, சுட்டு, என் பக்கம் தள்ளினான். நான் தட்டித் தட்டில் வைத்தேன். வழக்கமாக வரும் அக்கா ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். "பஞ்சு மாதிரி இருக்கு. ஜமால் கையே கை!"

டாக்டர் சொன்ன மூன்று வழியிலும் பொறாமைக்கு மருந்து ஒன்றும் இல்லாததால், அடுத்த ரொட்டியை இடுப்புயரத்தில் பிடித்துக் கொஞ்சம் பலமாகவே தட்டினேன்.