வாடிப் பிள்ளைகளின் புத்தக மட்டைகள்

கோக்கியாக, அதாவது சமையல்காரனாக, மீன்பிடி வாடிக்குப் போகிறவன் சோறு, கறி, பிளேன்டீ மட்டும்தான் தன் வேலை என்று நினைத்துக்கொண்டு போவான். நானும் அப்படித்தான் போனேன். ஆண்கள் கடலில் நிற்பார்கள். பெண்கள் மீன் வெட்டுகிற இடத்தில் இருப்பார்கள். வெயிலுக்கு ஒதுங்க நிழல் உள்ள இடம் குசினி ஒன்றுதான். பிள்ளைகள் வேறெங்கே போகும்? அடுப்படிக்குத்தான் வரும்.

எங்கள் முதலாளி சம்மாட்டியின் வாடி கற்பிட்டிப் பக்கம், உச்சமுனைக்கு அப்பால் ஒரு மணல் திட்டில். ஓலைக் கொட்டில்கள், ஒரு தண்ணீர்த் தாங்கி, மீன் காயப் போடும் பரண்கள். வேறு ஒன்றும் கிடையாது. பள்ளிக்கூடமும் கிடையாது. கடல் அமைதியான மாதங்களில் சிலாபப் பக்கத்து ஊரிலிருந்து குடும்பம் குடும்பமாக அங்கே போவோம். மார்கழியில் நத்தார் பெருநாளுக்கு ஊருக்கு வருவோம். தை மாதம் பள்ளிக்கூடத்தில் புதுப் புத்தகம் கொடுப்பார்கள். பிள்ளைகள் சில நாள் படித்துவிட்டுப் புத்தகத்தோடு மறுபடி வாடிக்கு வரும். கச்சான் காற்று எழும்பி, கடல் போக முடியாமல் ஆனால் எல்லாரும் திரும்புவோம். அது சித்திரை லீவு முடிகிற நேரம்.

இப்போது எனக்கு முழங்கால் சரியில்லை. வாடிக்குப் போவதில்லை. இனிப் போகிற கோக்கிமாருக்குப் பிரயோசனப்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

1. காரல்

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போவது என்று சம்மாட்டி சொல்லிவிட்டார். மறுநாள் பள்ளிக்கூடம். பிள்ளைகள் அரிசிச் சாக்கில் சுற்றி வைத்திருந்த புத்தகங்களைக் குசினிக்குக் கொண்டு வந்தார்கள்.

டிலானின் புத்தகத்திலிருந்து எறும்பு வரிசையாக வந்தது. டிலான் சேவியரின் மகன். நாலாம் வகுப்பு. புத்தகத்தை விரித்தேன். உள்ளே ஒரு காரல் கருவாடு.

"என்னடா இது?"

"புக்மார்க், மாமா."

"காரல்."

"தட்டையாத்தானே கிடக்கு. படிச்ச இடம் தெரியணும் எண்டு வைச்சன்."

நிலானி சிரித்தாள். அவள் எட்டாம் வகுப்பு. பிள்ளைகளில் மூத்தவள். "படிச்சது நாலு பக்கம். அதுக்கு ஒரு மீன் செத்திருக்கு."

மற்றவர்களின் புத்தகங்களையும் பார்த்தேன். ஒன்றில் ஈர்க்கு. ஒன்றில் வலை நூல். ஒன்றில் துருப்பிடித்த கிளிப், அதன் துரு பக்கத்தில் அப்படியே பதிந்திருந்தது. எல்லாப் புத்தகமும் கருவாடு மணத்தது.

"போன முறை டீச்சர் எங்கள எல்லாம் யன்னலோரம் இருத்தினவ," என்றான் டிலான். "காத்து வரட்டும் எண்டு."

"காத்து வாறதுக்கு இல்லடா. உன்ட மணம் போறதுக்கு," என்றாள் நிலானி.

புத்தகங்களை நிழலில் விரித்துக் காற்றுப் பிடிக்க வைத்தோம். மணம் கொஞ்சம் குறைந்தது. காரலை எடுத்தால் அந்த இடத்தில் வேறு ஏதாவது வைக்க வேண்டும். அப்படித்தான் படித்த இடத்துக்கு அடையாளம் வைக்கிற மட்டை வேலை தொடங்கியது.

2. பசையும் கத்தியும்

போன வருடத்துக் கலண்டர் ஒன்று குசினிச் சுவரில் தொங்கியது. பெரிய தாள், பின்பக்கம் வெள்ளை. படம் உள்ள பக்கங்களை ஒன்றோடொன்று ஒட்டினால் இரண்டு பக்கமும் வெள்ளையாக ஒரு மட்டை கிடைக்கும்.

பசைக்குக் கோதுமை மா. முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்துவிட்டுப் பிறகுதான் அடுப்பில் வைக்க வேண்டும். சுடுதண்ணீரில் மாவைப் போட்டால் கட்டி விழும். மெல்லிய நெருப்பில் கிண்டி, கண்ணாடி போல் வரும்போது இறக்க வேண்டும். தாளில் மெல்லிசாகப் பூசி, ஒட்டி, பலகைக்கு நடுவில் வைத்து மேலே அரிசி மூட்டையை ஏற்றினேன். மறுநாள் எடுத்து நிழலில் காய வைத்தேன். வெயிலில் வைத்தால் கருவாடு மாதிரி வளையும்.

வெட்டியது மீன் கத்தியால். தீட்டி, சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிய கத்தி. அகலம் இரண்டு விரல், நீளம் ஒரு சாண். மூலைகளை உருட்டி வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்தில் குத்தும். ஆணியைச் சூடாக்கி மேலே ஒரு ஓட்டை போட்டேன். அதில் வலை நூல் முடிச்சு.

டிலான் வள்ளத்துக்கு அடிக்கிற நீல பெயின்ற் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தான். வேண்டாம் என்றேன். உப்புக் காற்றில் அது லேசில் காயாது. புத்தகத்துக்குள் வைத்தால் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் கிழியும். கோக்கிமார் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

"அப்ப எதால அடிக்கிறது?"

நிலானி தன் பாஸ்டல் கலர்ப் பெட்டியைக் கொண்டு வந்து நடுவில் வைத்தாள். குவைத்தில் வீட்டு வேலை செய்கிற தாய் அனுப்பியது. பாதிக் குச்சிகள்தான் மிச்சம். அவள் யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை.

நான் வெட்டிக்கொண்டிருந்தபோது அவளுடைய தகப்பன் மரியான் பிளேன்டீ குடிக்க வந்தான். மட்டைகளைப் பார்த்தான்.

"நிலானிக்கு வெட்ட வேணாம், கோக்கியண்ணே."

"ஏன்?"

"அவள் ஊருக்கு வரல்ல. நானும் வரல்ல. கற்பிட்டியில தங்கச்சி வீட்டில நிக்கப் போறம். நான் களப்புல மீன் தொழில் பார்ப்பன். அவளுக்குக் கருவாட்டுக் கொட்டில்ல வேலை கிடக்கு."

"பள்ளிக்கூடம்?"

"எட்டு வரைக்கும் படிச்சிட்டாள்தானே."

நான் "ம்" என்றேன். கத்தி ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கும் ஒன்று வெட்டினேன்.

நிலானி அடுப்படியில் விறகு தள்ளிக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது. தகப்பன் போன பிறகு கேட்டாள்.

"மாமா, எட்டாம் வகுப்போட நிண்டா என்ன வேலை செய்யலாம்?"

"கோக்கி வேலை."

"நீங்க எத்தினை வரைக்கும் படிச்சனீங்க?"

"மூண்டு."

"அப்ப நான் அஞ்சு வருசம் சும்மா படிச்சிருக்கன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் விறகை அளவுக்கு மேல் தள்ளிவிட்டாள். சோறு அடிப்பிடித்தது. நான் பானையை இறக்கினேன்.

3. கொடி

சிறுசுகள் முதலில் பூ வரைந்தார்கள். ஒருவன் சிலுவை வரைந்தான். ஒருத்தி கோழி வரைந்தாள், அதைப் பார்த்து மற்றவர்கள் ஆமை என்றார்கள். பிறகு டிலான் தன் மட்டையில் மேலே பச்சை, கீழே வெள்ளை என்று அடித்தான்.

"இது எங்கட கொடி."

அவ்வளவுதான். பூவையும் கோழியையும் விட்டுவிட்டு எல்லாரும் மட்டையைத் திருப்பிக் கொடி வரையத் தொடங்கினார்கள்.

கடல் தொழில் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். வலையைக் கடலில் போட்டால் அதன் நுனியில் ஒரு மிதப்பு இருக்கும். மிதப்பில் கம்பு, கம்பில் கொடி. ஒவ்வொரு வலைக்காரனுக்கும் ஒரு நிறம். சிவப்பும் மஞ்சளும் ஒருவருக்கு, முழுச் சிவப்பு ஒருவருக்கு. தூரத்தில் பார்த்தாலே யாருடைய வலை என்று தெரியும். அடுத்தவன் கொடி கட்டிய வலையில் யாரும் கை வைப்பதில்லை. வலையை விற்றால் கொடியும் சேர்ந்து போகும். வாங்கியவன்தான் அதற்குப் பிறகு அந்த நிறத்தைக் கட்டலாம்.

நிலானி சிறுசுகளுக்குக் கோடு போட்டுக் கொடுத்தாள். பிறகு தனக்கு வெட்டிய மட்டையை எடுத்தாள். மேலே பச்சை அடித்தாள். கீழே வெள்ளை.

டிலான் எட்டிப் பார்த்தான். "அது எங்கட."

"எங்கட," என்றாள் நிலானி.

"அது போன வருசம். உன்ட அப்பா வலையை எங்களுக்கு வித்தவர். கொடியும் சேர்த்துத்தான். வேணுமெண்டா கேட்டுப் பார்."

அவன் சொன்னது பொய் இல்லை. மரியானின் வலை பாதி அறுந்து போனது. மிச்சத்தைச் சேவியருக்குக் கொடுத்தான். இந்த முறை சேவியரின் வள்ளத்தில்தான் ஆளாகப் போனான். அவனுக்கென்று வலையும் இல்லை, கொடியும் இல்லை.

குசினிக்கு வெளியே சேவியரும் மரியானும் ஒரே வலையை இரண்டு பக்கமும் பிடித்துக் கிழிசல் பொத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் கேட்டது.

"வாயப் பொத்துடா," என்றான் சேவியர். "மகள், நீ பச்சையே அடி. ஒரு மட்டைதானே."

"வேணாம் மாமா," என்றாள் நிலானி. "நான்தான் பள்ளிக்கூடம் போகல்லையே. எனக்கு எதுக்கு?"

மட்டையைக் கவிழ்த்து என் பலகையில் வைத்தாள். அழவில்லை. கையைக் கழுவிவிட்டு மீன் வெட்டுகிற இடத்துக்குப் போய்விட்டாள்.

மரியான் தலை நிமிரவில்லை. ஊசி அதே கண்ணிக்குள் இரண்டு முறை போனதைக் கண்டேன்.

4. மிச்சக் கலர்

மத்தியானச் சோறு முடிந்தது. மரியான் குசினிக்கு வந்தான். பிளேன்டீ கேட்டான். நின்றபடியே குடித்து முடித்தான்.

"அந்த மட்டை எங்க?"

கையைக் காட்டினேன். அவன் உடனே எடுக்கவில்லை. தண்ணீர்த் தாங்கிக்குப் போய் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவினான். மணந்து பார்த்தான். பிழிந்த தேசிக்காய்த் தோல் ஒன்று கிடந்தது, அதைப் போட்டுத் தேய்த்து மறுபடி கழுவினான். பிறகு வந்து பலகைக்கு முன்னால் சம்மணம் கட்டி உட்கார்ந்தான்.

"வேற ஒண்டு வெட்டித் தரவா?" என்றேன்.

"வேணாம். மற்றப் பக்கம் வெள்ளைதானே."

மகளைக் கூப்பிட்டான். அவள் கத்தியோடு வந்து வாசலில் நின்றாள்.

"பெட்டியில என்ன கலர் மிச்சம்?"

"ஊதாவும் மண்ணிறமும்தான். மற்றதெல்லாம் முடிஞ்சுது."

அந்த இரண்டையும் பிள்ளைகள் யாரும் தொடவில்லை. கடலில் அப்படி ஒரு கொடி கிடையாது. தூரத்தில் தண்ணீரோடு தண்ணீராகிவிடும்.

மரியான் மேலே ஊதா அடிக்கத் தொடங்கினான். வலை இழுக்கிற கை. குச்சி உடைந்தது.

"மெதுவா, அப்பா."

உடைந்த துண்டால் அடித்தான். கீழே மண்ணிறம். கோட்டுக்கு வெளியே போய்விடாமல் நாக்கைக் கடித்துக்கொண்டு அடித்தான். சிறுசுகள் சுற்றி வந்து நின்றார்கள். சேவியரும் வந்து பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மரியான், ஊதாக் கொடி கடல்ல தெரியாதடா. உன்ட வலையை நீயே தேடித் திரிவாய்."

"இது கடலுக்கு இல்ல," என்றான் மரியான். "புத்தகத்துக்குள்ள தெரிஞ்சாக் காணும்."

நிலானி வாசலிலேயே நின்றாள்.

"எந்தப் புத்தகம்?"

"உன்ட புத்தகம்தான். கொண்டு வா. எந்தப் பக்கத்தில நிண்டனி?"

அவள் கத்தியை வைத்தாள். ஓடவில்லை, நடந்துதான் போனாள். கணக்குப் புத்தகத்தைக் கொண்டு வந்து விரித்துக் காட்டினாள். புத்தகத்தின் முன்பகுதியிலேயே நின்றிருந்தாள். மரியான் மட்டையை வைத்து மூடினான்.

"டீச்சர் இப்ப எங்க நிப்பா?"

"தெரியாது. பாதியைத் தாண்டியிருப்பா."

"அப்ப படி."

அவன் எழும்பினான். சேவியரிடம், "நானும் ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வாறன். தங்கச்சிக்குப் போன் எடுத்துச் சொல்லணும்," என்றான்.

"ஊரில என்ன தொழில்?" என்றான் சேவியர். "இனிக் கடல் இல்லையே."

"பார்ப்பம்."

போன் எடுக்க மணல் மேட்டில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். அவன் ஏறிப் போனான். நிலானி டிலானைப் பார்த்து, "நாலாம் வகுப்புக் கணக்கு எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பு உனக்குத் தெரியுமா? அப்ப வாயை மூடிக்கொண்டு இரு," என்றாள். டிலான் வாயை மூடவில்லை. ஆனால் தான் ஒளித்து வைத்திருந்த நீலக் குச்சித் துண்டைக் கொண்டு வந்து கொடுத்தான். வேண்டாம் என்றுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஒரே வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து ஊருக்கு பஸ் எடுத்தோம். நிலானி வழியெல்லாம் படிக்கவில்லை, தூங்கினாள். பை மடியில் இருந்தது.

இப்போது கோக்கிமாருக்கு. பழைய கலண்டரை அடுப்பு மூட்ட எடுக்காதே. பசையைப் பச்சைத் தண்ணீரில் கரை. பெயின்ற் வேண்டாம். யார் திரும்பிப் போகிறது, யார் நிற்கிறது என்பது தாய் தகப்பனின் கதை, அதில் கோக்கி வாய் வைக்கக் கூடாது. நானும் வைக்கவில்லை. ஆனால் உன் அடுப்பில் சாப்பிட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மட்டை வெட்டு. வேண்டாம் என்று தகப்பன் சொன்னாலும் வெட்டி வை. அன்று நான் வெட்டாமல் விட்டிருந்தால், கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்த மரியானுக்குக் கலர் அடிக்க ஒன்றும் இருந்திருக்காது.