கர்ஜத் ஆற்றங்கரையில் முதல் நடை

மாரடைப்பு வந்து மூன்று மாதம் கழித்து, இன்றுதான் என் கணவர் மும்பை மாதுங்காவை விட்டு வெளியே வந்தார். சமதரையில் நடக்கலாம் என்று டாக்டர் சொன்னதால் கர்ஜத்துக்கு ரயிலேறினோம்.

ஆற்றங்கரைப் பாதை ஒரு பழைய பங்களாத் தோட்டத்தின் கேட்டில் முடிந்தது. வந்த வழியே திரும்ப இவருக்குத் தெம்பில்லை, முகம் வெளுத்துவிட்டது.

டிரான்சிஸ்டரில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்த வாட்ச்மேன் எழுந்து கேட்டைத் திறந்தார். வராந்தாவில் முதலாளியின் சாய்வு நாற்காலியில் இவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"சேட் வந்துவிட்டால்?" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன்.

"வந்தால் அவருக்கு வேறு நாற்காலி போடுகிறேன்" என்று சிரித்தார்.

இவர் முகம் தெளிந்ததும் வாட்ச்மேன் மாந்தோப்பு வழியே ஸ்டேஷனுக்குக் குறுக்குவழி காட்டினார். இவர் எனக்கு முன்னால் நடந்தார். "ஏன்னா, கொஞ்சம் மெதுவா போங்கோ!" என்று நான்தான் கத்தினேன்.

அந்த மனிதரின் பெயரைக் கேட்க மறந்துவிட்டோம். அடுத்த ஞாயிறு அதற்காகவே போகிறோம். கூட யார் வருகிறீர்கள்?